அழுத்தி எழுதியவை

பாதி எழுதிய நோட்டுகள் வேண்டாம் என்று
குடியிருப்புச் சங்கச் செயலர் குழுவில் போட்டிருந்தார்.
எழுதிய பாதியைக் கிழித்துவிட்டால்
அது பாதி எழுதிய நோட்டு இல்லையே
என்றாள் மிருதுளா.
எட்டாம் வகுப்பு. வாதத்தில் அப்படியே அவள் அப்பா.

சாப்பாட்டு மேசையில் இரும்பு ஸ்கேலை வைத்து
அவள் கிழித்தாள், நான் எண்ணினேன்.
பதினேழு தேறின.
தையல் விட்டவற்றை
போர்வை தைக்கும் நூலால் இழுத்துக் கட்டினேன்.

கீழே, லிஃப்ட் அருகே, மற்றவர்கள் தந்தவை:
வங்கித் தேர்வுக் கையேடு,
பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய டைரி,
மூடி தொலைத்த ஸ்கெட்ச் பேனாக்கள்,
ஒரு குளிர்பதனப் பெட்டியின் உத்தரவாதச் சீட்டு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறு வீடு புகுந்தவர்களுக்கு
அளக்காமல் போட்டிருந்தார்கள்.

யமுனை இறங்கத் தொடங்கி நான்கு நாள்.
மயூர் விஹார் மேம்பாலத்தடியில் நீலத் தார்ப்பாய்கள்,
மெட்ரோ தூணில் கட்டிய எருமை,
சாலை நடுத்தடுப்பில்
துணிக்கு நடுவே காயப்போட்ட ஓர் இந்திப் பாடநூல்
புளித்த மாவாய்ப் பொங்கி.
சேற்று வாடை என் ஸ்கூட்டர் சீட்டுக்கும் வந்துவிட்டது.

வரிசையில் ஒன்பதாவதாக நின்றவள்
பெயர் சந்தா என்றாள்.
அவர்களுக்கு அது நிலா.
நமக்கு மாதாமாதம் கட்டுவது,
சங்கத்துக்கு, நானூறு ரூபாய்.

நோட்டைத் திறந்தாள், நகரவில்லை.
‘இதில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.’
வெற்றுத்தாள் அம்மா அது, என்றேன்
என் அலுவலக இந்தியில்.
அவள் தாளைச் சாய்த்து வெயிலுக்குக் காட்டினாள்.
விரலால் தடவினாள்.
பிறகு அங்கேயே குந்தி
நான் தந்த பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தாள்.
சாம்பல் பரவப் பரவ
அதற்குள்ளிருந்து வெள்ளையாய் எழுந்து வந்தது:
இனித் தாமதமாக வரமாட்டேன்
இனித் தாமதமாக வரமாட்டேன்
இனித் தாமதமாக வர

மிருதுளா எருமையைப் பார்த்தாள்.
தமிழய்யா கொடுத்த தண்டனை.
ஐம்பது முறை.
எனக்கும் அன்றுதான் தெரியும்.

என்ன எழுத்து, என்ன சொல்கிறது,
யார் கை இவ்வளவு அழுத்தம்,
எல்லாம் கேட்டாள் சந்தா.
பதில் சொல்லச் சொல்லச் சிரிப்பு.
‘அப்புறம் சரியான நேரத்துக்குப் போனாயா?’
இல்லை, என்றாள் என் மகள்.
அதற்குமேல் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை.

கிளம்பும்போது ஓடிவந்து காட்டினாள்.
அடுத்த பக்கத்தில், கோலம் போடுவதுபோல் பார்த்துப் பார்த்து,
அதே வரி, ஒரே ஒருமுறை.
‘ட்’ மேல் புள்ளி இல்லை.
மிருதுளா பேனாவை எடுத்தாள்,
பிறகு மூடிக்கொண்டாள்.

‘ஜியோமெட்ரி பாக்ஸ் இருக்கிறதா?
எங்களுடையது மிதந்து போய்விட்டது.
தம்பி பார்த்தானாம், படகு மாதிரி.’
அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு விருந்தாளிகள்.
அதற்கடுத்த ஞாயிறு போனபோது
தூண்களுக்கு நடுவே மூன்று செங்கல், கரி,
எருமை கட்டிய இடத்தில் கயிறு தேய்த்த தடம்.
ஆள் உயரத்தில் பாதிக்கு
வழவழவென்று ஒரு வளையம்.
தண்ணீர் வடிந்ததும் கீழே காதருக்கே போய்விட்டார்கள்,
இல்லை, போலீஸ் எழுப்பிவிட்டது,
இல்லை, பதாயூனுக்கு லாரி ஏறினார்கள்,
என்று தேநீர்க் கடையில் மூன்று பேர் மூன்று விதம்.

மிருதுளா ஒன்றும் கேட்கவில்லை.
பின்னால் ஏறி உட்கார்ந்து
என் தோளைப் பிடித்தாள்.

காம்பஸ், டிவைடர், இரண்டு மூலைமட்டம்,
புது அழிப்பான்.
ஸ்கூட்டர் டிக்கியிலேயே இருக்கிறது அந்தப் பெட்டி.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
ஒருமுறை
குலுங்கும்.